பதினோரு பேரும் சௌக்கியம்

மயிலாப்பூர்,
3.8.1997

சௌபாக்கியவதி வஞ்சுளாவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம் உனக்கும் உன் அகத்துக்காரருக்கும் குழந்தை ரஞ்சனிக்கும். இங்கே எல்லாரும் சௌக்கியம், என்னைத் தவிர.

மே மாத லீவில் என் மூத்தார் வேதாந்தம் அண்ணா ஆழ்வார்பேட்டையில் தன் நர்சிங்ஹோமிலேயே எனக்கு ஆபரேஷன் செய்தது உனக்குத் தெரியும். கர்ப்பப்பை இறங்கி, கூடவே மூத்திரப்பையும் இறங்கி, வகுப்பில் நின்று இங்கிலீஷ் பாடம் நடத்தினால் தொடைக்கு நடுவே எலுமிச்சம்பழம் தொங்குவது போல இருக்கும் என்று எழுதியிருந்தேனே. தி.நகர் டாக்டர் முத்துலட்சுமி, உள்ளே தாங்கிப் பிடிக்க ஒரு ரப்பர் ரிங் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு என் சதையையே இழுத்துத் தைக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். அண்ணா விடவில்லை. "ஆத்துல சர்ஜன் இருக்கச்சே வெளில எதுக்குப் போறே?" என்றார். அவர் குடலிறக்க ஆபரேஷனுக்குப் பேர் போனவர். நீயும், "அவருக்குக் கைராசி, கண்ணை மூடிக்கொண்டு படுத்துக்கொள்" என்று எழுதினாய். படுத்துக்கொண்டேன்.

இறக்கம் நின்றுவிட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினம் உள்பாவாடையில் ரத்தக் கறை. ஒரு நாற்றம் வேறு. உட்கார்ந்தால் உள்ளே சுருக்கென்கிறது. உன்னிடம் சொல்வதற்கென்ன வெட்கம், போன வாரம் இவர் பக்கத்தில் வந்தவர் அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "என்னடி இது, கம்பி மாதிரி கீறறது?" என்கிறார். அவர் சதை கிழிந்ததும்தான் அண்ணாவிடம் போய்ச் சொன்னார், என் சதை மூன்று மாதமாகக் கிழிகிறது! அண்ணா என்ன சொன்னார் தெரியுமா? "வயசாறதோன்னோ, வறட்சி. தேங்காயெண்ணெய் தடவிக்கச் சொல்லு."

எனக்கு நாற்பத்தேழு வயதுதான் ஆகிறது. எண்ணெய் போட வேண்டிய இயந்திரமா நான்?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா வைதேகி


நாக்பூர்,
22.8.1997

அன்புள்ள அக்காவுக்கு,

வஞ்சுளா சேவித்து எழுதுவது. நானும் இவரும் ரஞ்சனியும் சௌக்கியம். இங்கே நல்ல மழை.

உன் கடிதம் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. அக்கா, சில விஷயம் கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. ரத்தம் தினமும் வருகிறதா, தூரமான நாட்களில் மட்டுமா? குந்தி உட்கார்ந்தால் அதிகமாகிறதா? விரலால் தொட்டுப் பார்த்தால் நறநறவென்று ஏதாவது தட்டுப்படுகிறதா? அப்படி இருந்தால் அது தானாகவே சரியாகிவிடுமா என்று தி.நகர் டாக்டரிடம் கேள். என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் எழுது.

வேதாந்தம் அண்ணாவிடம் சண்டைக்குப் போகாதே. சிலர் உடம்பு வாகு அப்படி. அதற்கு அவர் என்ன செய்வார்?

அத்திம்பேருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

வஞ்சுளா


மயிலாப்பூர்,
14.9.1997

வஞ்சுளா,

நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நன்றாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே, எரிந்துகொண்டிருக்கிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி சோதித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் நிமிர்ந்து, "இந்த வலையை யாரும்மா உள்ளே வெச்சாங்க?" என்றாள்.

வலை! கொசுவலை மாதிரி பிளாஸ்டிக் நூலில் பின்னியது. குடலிறக்கத்துக்கு வயிற்றுக்குள் வைத்துத் தைக்கிற சரக்காம். வயிற்றுச் சுவரில் சதை தடிமன், அது உட்கார்ந்துகொள்ளும். இந்த இடத்தில் தோல் மெல்லிசு, வலையின் ஓரம் அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அதுதான் ரத்தம், அதுதான் குத்தல். தானாகச் சரியாகாது, எடுக்கத்தான் வேண்டும், சதை அதோடு பின்னிக்கொண்டு வளர்ந்திருக்கும், எடுப்பது சுலபமில்லை என்றாள். அவள் நியாயமாகத்தான் பேசினாள். "வலையே கெட்டதுன்னு சொல்லலைம்மா. வெளிநாட்டுல சில பேர் வெச்சுப் பார்க்கறாங்க. ரிங் வெச்சா அப்பப்ப கழட்டிக் கழுவணும். சொந்தச் சதையைத் தெச்சா, சிலருக்கு மறுபடியும் இறங்கும். வலை வெச்சா இறங்காம நிக்கலாம், இப்படி அறுக்கவும் அறுக்கலாம். எது வேணும்னு உங்களைக் கேட்டாங்களா?"

யார் கேட்டார்கள்? தையல் என்றுதானே சொன்னார்கள்!

வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்து உலுக்கினேன். முழித்தார். அப்புறம் மெதுவாக வந்தது. இவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டதே இவர்தான். இன்னும் கேள். போன வருஷம் என் மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆயிற்றே, அதற்கு வெளிநாட்டிலிருந்து வலை வரவழைத்தார்கள். பாதிதான் செலவாயிற்று. மீதியை அண்ணா பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். "நன்னா கொதிக்க வெச்சுட்டுத்தான் வெச்சார் வைதேகி, பயப்படாதே. ஒசந்த சரக்கு. வீணாப் போகணுமா?" என்கிறார் என் புருஷன்.

ரவிக்கை தைத்த மிச்சத்தில் கைக்குட்டை வெட்டுவார்கள், பார்த்திருக்கிறேன். மாமனார் வயிற்று மிச்சத்தை மாட்டுப்பெண்ணுக்குள் வைத்துத் தைத்த வீடு இது ஒன்றுதான் இருக்கும்.

இதை நான் சும்மா விடப் போவதில்லை. பெருமாள் சாட்சியாகச் சொல்கிறேன், நாலு பேர் நடுவில் அந்த மனிதர் தலை குனிய வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம்.

அக்கா


நாக்பூர்,
25.10.1997

அன்புள்ள அக்காவுக்கு,

சேவித்து எழுதுவது. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. கொஞ்சம் அசதி, வேறொன்றுமில்லை. எல்லாரும் சௌக்கியம்.

நடந்தது நடந்துவிட்டது. உன் வைத்தியத்தைப் பார். நாலு பேர் நடுவில் எதைச் சொல்வாய் அக்கா? எந்த இடம் என்று கேட்டால் எந்த இடம் என்று சொல்வாய்? நீ பள்ளிக்கூடத்து டீச்சர். பெண் குழந்தைகள் காதில் விழுந்தால் சிரிக்காதா? அண்ணா நமக்கெல்லாம் பெரியவர். எத்தனை பேருக்குக் காசு வாங்காமல் செய்திருக்கிறார்.

எடுக்கிற ஆபரேஷனுக்கு எத்தனை நாள் படுக்கையில் இருக்க வேண்டும்? எடுத்த பிறகு பழையபடி இறங்கிவிடுமா? அதைக் கேட்டாயா?

தீபாவளிக்கு எனக்காக ஒரு மருந்து உருண்டை கூடுதலாகச் சாப்பிடு.

வஞ்சுளா


மயிலாப்பூர்,
9.11.1997

வஞ்சுளா,

தீபாவளி ஆயிற்று. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், பட்டாசு வெடித்தோம், எல்லாம் முறைப்படி.

முதலில் என் புருஷன் கதை. அந்த நாளிலிருந்து இவர் தட்டில் புதுத் தளிகை விழுவதில்லை. முந்தின நாள் ரசம், முந்தின நாள் கூட்டு. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இது நேத்திக்கு மிச்சம்னா?" என்றார். "நன்னா கொதிக்க வெச்சுட்டேன், பயப்படாதேங்கோ. ஒசந்த சரக்கு" என்றேன். அன்றிலிருந்து வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறார். இளைத்தும் போய்விட்டார். இளைக்கட்டும்.

தீபாவளியன்று அண்ணா வந்தார். கூடத்தில் உட்கார வைத்து நேராகவே கேட்டேன்: "என்னைக் கேக்காம எப்படி வெச்சேள்?" மனிதர் அசரவில்லை. சிரித்துக்கொண்டே, "மொத்தம் பதினோரு பேருக்கு வெச்சிருக்கேன் வைதேகி. பத்து பேர் ஒண்ணும் சொல்லலை. நீ ஒருத்திதான் படுத்தறே" என்றார். அதை எல்லாம் தொகுத்து ஜனவரியில் டாக்டர்கள் கூட்டத்தில் பேசப் போகிறாராம். பதினோரு பேரும் சௌக்கியம், ஒரு குறையும் இல்லை என்று.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லாருக்கும் பதில் கார்டு போட்டாராம். 'உங்கள் தேகநிலை எப்படி?' என்று இங்கிருந்து கார்டு போகும். 'தங்கள் ஆசீர்வாதத்தால் சௌக்கியம்' என்று அங்கிருந்து வரும். இவர் அதைக் குணம் என்று எண்ணிக்கொள்வார். ஒருத்தியைக்கூடக் கூப்பிட்டுச் சோதிக்கவில்லை. சரி, பதினொன்றாவது நானாயிற்றே, எனக்குக் கார்டே வரவில்லையே என்றேன். "ஆவணி அவிட்டத்தன்னிக்கு எப்படி இருக்கேன்னு கேட்டேன், சௌக்கியம்னு சொன்னியே!" என்கிறார். ஐயோ வஞ்சுளா, பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். மாமனார் முதல் புரோகிதர் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு என்னத்தைச் சொல்வேன்?

அப்புறம்தான் அவர் அதைச் சொன்னார். "உன் கூடப்பிறந்தவளையே கேளேன். முத முதல்ல வெச்சது அவளுக்குத்தான். போன வருஷம் நீங்க பத்ரி யாத்திரை போயிருந்தேளே, அப்போ. நாக்பூர்லேர்ந்து எத்தனை நன்னா கார்டு எழுதியிருக்கா!"

வஞ்சுளா, இது பொய் என்று எழுது. ஒரு வரி போதும்.

வைதேகி


மயிலாப்பூர்,
1.12.1997

வஞ்சுளா,

மூன்று வாரமாக வாசலில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீ உயிரோடு இருக்கிறாயா? இருந்தால் பதில் எழுது.

வைதேகி


நாக்பூர்,
12.12.1997

அக்கா,

சௌக்கியம் என்று ஆரம்பிக்கக் கை போயிற்று. நிறுத்திவிட்டேன்.

நிஜம்தான். போன வருஷம் மே மாதம் ஆதம்பாக்கத்தில் இவர் அத்தை பெண் கோமளா வீட்டில் தங்கியிருந்தேன் என்று சொன்னேனே, பத்து நாள் ஆழ்வார்பேட்டையில் அண்ணாவிடம் படுத்திருந்தேன். எனக்கும் இறங்கியிருந்தது. உன்னிடம்கூடச் சொல்ல வெட்கமாக இருந்தது. அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று அண்ணாவிடம் நான்தான் கெஞ்சினேன். வலை என்று எனக்கும் யாரும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து நாலு மாதத்தில் ரத்தம் ஆரம்பித்தது. இவர் வேறு அறையில் படுக்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணாவுக்கு டிரங்கால் போட்டேன். "எல்லாருக்கும் நன்னா இருக்கு, உன் உடம்பு வாகு அப்படி" என்றார். நம்பினேன் அக்கா. என் ஒருத்தி உடம்புதான் சனியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் அவருடைய கார்டு வந்தது. அவ்வளவு செய்த பெரியவருக்கு, உங்கள் கைவேலை அழுகுகிறது என்றா எழுதுவது? சௌக்கியம் என்று எழுதினேன்.

மார்ச்சில் நீ யோசனை கேட்டு எழுதினாய். அப்போதும் எனக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. சொன்னால் என் கதை வெளியே வந்துவிடும். உன் உடம்பு என்னுடையதைவிடத் திடம், உனக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கைராசி என்று எழுதிவிட்டேன். உன் முதல் கடிதத்தைப் படித்ததும், 'ஐயோ, இவளுக்கும்' என்று அழுதேன். கூடவே, எனக்கு மட்டும் இல்லை என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காகவே என்னை நீ செருப்பால் அடிக்கலாம்.

வஞ்சுளா


மயிலாப்பூர்,
22.12.1997

வஞ்சுளா,

படித்தேன். இவர் கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்த மனிதர் என்னை ஏமாற்றினார். அவர் மூத்தார், அந்நியர். நீ என்னோடு ஒரே வயிற்றில் இருந்தவள். ரத்தம் சொட்டச் சொட்ட உட்கார்ந்து, அக்கா நீயும் போய்ப் படுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். மார்ச்சில் உண்மையை ஒரு வரி எழுதியிருந்தால் நான் தி.நகருக்குப் போயிருப்பேன். முத்துலட்சுமி என் சதையையே தைத்திருப்பாள். உன் வெட்கத்துக்கு என் உடம்பா கிடைத்தது?

நீ எழுதிய அந்தக் கார்டை அவர் கூட்டத்தில் காட்டப் போகிறாராம். திரையில் பெரிதாக்கிக் காட்டுவாராம். நான் எழுந்து நின்று எது சொன்னாலும், தங்கையே சௌக்கியம் என்கிறாளே என்று கேட்பார்கள். என் வாயை அடைக்க உன் கையெழுத்தே போதும்.

எழுந்து நிற்கவும் இப்போது வழி இல்லை. சீழ் வைத்துவிட்டது. இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று முத்துலட்சுமி திட்டினாள். எனக்குச் சர்க்கரை வேறு ஏறியிருக்கிறது, அதை இறக்கிவிட்டு ஜனவரி பன்னிரண்டாம் தேதி எடுக்கிறாள். அவர் கூட்டம் பதினெட்டாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு, தி.நகர் ஹோட்டல் ஒன்றின் ஹாலில். முத்துலட்சுமிக்கு அழைப்பு வந்திருக்கிறது. நானோ அங்கிருந்து நாலு தெரு தள்ளிக் கட்டிலில் கிடப்பேன். அவர் மாலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இதையெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சென்னைக்கு வந்தாலும் என் முகத்தில் விழிக்காதே.

வைதேகி


ஆதம்பாக்கம்,
18.1.1998, இரவு

அக்காவுக்கு,

சேவித்துக்கொள்கிறேன். ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் உன் இஷ்டம். நீ முகத்தில் விழிக்காதே என்று எழுதியதால் கோமளா வீட்டில் தங்கியிருக்கிறேன். நாளைக்கு மறுநாள் ரயில்.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். டாக்டர் முத்துலட்சுமிக்கு முன்னாடியே டெலிபோன் செய்து கேட்டேன். தன்னோடு விருந்தாளி மாதிரி உள்ளே அழைத்துப்போனாள். கடைசி வரிசை. ஹால் நிறைய டாக்டர்கள்.

அண்ணா பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்திருந்தார். இங்கிலீஷில் பேசினார். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுக் கார்டுகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். என் முறை வந்தது. என் கையெழுத்து ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. 'தங்கள் ஆசீர்வாதத்தால் பரம சௌக்கியம்.' முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். எழுந்துவிட்டேன்.

"அந்தக் கார்டு என்னுது. அதுல எழுதியிருக்கறது பொய்" என்றேன். விளக்கைப் போட்டார்கள்.

அண்ணா, "வஞ்சுளாவா? நீ எங்கேம்மா இங்கே? உக்காரு, அப்பறம் பேசிக்கலாம்" என்றார். நான் உட்காரவில்லை. ஒன்றரை வருஷமாக ரத்தம் போகிறது, நாற்றம் அடிக்கிறது, உட்கார முடியவில்லை, என் புருஷன் பக்கத்தில் வருவதில்லை, என் அக்காவுக்கும் அதேதான், அவளைப் போன திங்கட்கிழமை அறுத்து எடுத்திருக்கிறார்கள் என்றேன். அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில், எந்த இடம் என்றும் சொன்னேன் அக்கா. நான் பயந்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை.

அண்ணாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பின்னே சௌக்கியம்னு ஏன் எழுதினே?" என்று கத்தினார்.

"பெரியவாளுக்குக் கடுதாசி வேற எப்படி எழுதறது?" என்றேன்.

மேடையில் இருந்த தலைவர், வயதானவர், "வேதாந்தம், இந்தப் பதினோரு பேர்ல எத்தனை பேரை நீங்க நேர்ல சோதிச்சீங்க?" என்று கேட்டார். அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "ஒருத்தரையாவது?" என்றார் தலைவர். அண்ணா மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். முத்துலட்சுமி எழுந்து, உன்னிடமிருந்து எடுத்த வலையைப் பற்றிச் சொன்னாள். இன்னொருத்தருக்கு வாங்கியதில் மிச்சம் என்பதையும் சொன்னாள். ஹாலில் சலசலப்பு. மீதி ஒன்பது பேரையும் வேறு டாக்டர்களை வைத்து நேரில் சோதிக்க வேண்டும், அது வரை இந்தப் பேச்சு எந்தப் பத்திரிகையிலும் வராது என்று தலைவர் சொல்லிவிட்டார். அண்ணா தலையைக் குனிந்துகொண்டு காகிதங்களை அடுக்கினார். அடுக்கி முடித்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை. நீ பார்க்க ஆசைப்பட்டாயே என்று உனக்காக நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது பின்னாலேயே வந்தார். "குடும்பத்து மானத்தைக் கப்பலேத்திட்டியே" என்றார். எனக்கு அழுகை வரும் போல இருந்தது, அவர் எதிரில் வேண்டாம் என்று விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

வஞ்சுளா


தி.நகர்,
19.1.1998

வஞ்சுளா,

நேற்று மத்தியானமே முத்துலட்சுமி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இன்று கோமளா உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்த இடத்தை நாலு தடவை படித்தேன். சிரித்ததில் தையல் இழுத்தது, நர்ஸ் வந்து அதட்டினாள். ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. மார்ச்சில் நீ எழுதிய கடிதத்துக்கு நான் உன்னை இன்னும் ஒரு வார்த்தைகூட நேரில் திட்டவில்லை. இந்த ஜன்மம் முழுக்கத் திட்டுவேன். அதற்கு நீ இருக்க வேண்டும். ஆனால் அந்த அழுகல் உனக்குள் இன்னும் இருக்கிறது, நீயோ அதோடு ரயில் ஏறப் பார்க்கிறாய், அசடே!

முத்துலட்சுமியிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை உனக்கு. எடுத்த பிறகு ரிங்கா, தையலா, ஒன்றுமே வேண்டாமா, அதை நீயே அவளிடம் கேட்டு நீயே முடிவு செய். உன் அகத்துக்காரரும் வேண்டாம், நானும் வேண்டாம். கையெழுத்தையும் நீயே போடு. என் பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. வேறு யாரையும் படுக்க விடாமல் என் புடவைகளைப் பரப்பி வைத்திருக்கிறேன்.

தபாலில் போட்டால் நீ அதற்குள் ஊருக்குப் போய்விடுவாய். அதனால் இதை உன் அத்திம்பேர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். உன்னைக் கூட்டிக்கொண்டு வராமல் திரும்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஆட்டோ வேண்டாம், பஸ்ஸிலேயே வாருங்கள். பெட்டியை நீ தொடாதே. அவர் தூக்கட்டும்.

அக்கா